தீ பார்க்கும் பரண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கிழக்கிலங்கையில் வரிப்பத்தான்சேனைக்கு அப்பாலுள்ள காட்டில் காவலராகச் சேர்ந்த முதல் நாளே, தீயைக் கண்டுபிடிக்கும் முறையை ரேஞ்சர் எனக்குக் கற்றுத் தந்தார். உயரமான பாலை மரத்தில் பரண் கட்ட வேண்டும். அதில் ஓர் ஆளை ஏற்றித் தூரத்தில் புகையைத் தேடச் சொல்ல வேண்டும். தீ எப்போதும் தூரத்தில்தான் பிடிக்கும் என்பது அவருடைய முடிவு.

ஏறியவர் ஆதம்பாவா காக்கா; காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். பிள்ளைகுட்டிக்காரர். "புகையை நீ முதல்ல காணாட்டி வேலை போச்சு" என்று ரேஞ்சர் சொல்லியிருந்ததால் பகலில் இறங்கவே மாட்டார். விடியலில் மட்டும் மரத்தடியில் தேத்தண்ணி காய்ச்சுவார். நெருப்புக்குச்சி வீணாகாமல் இருக்கத் தணலை மண்போட்டு மூடிவைத்து, மறுநாள் கிளறி ஊதுவார். காட்டில் தொழில் செய்த எங்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம்தான்.

கச்சான் என்னும் வறண்ட மேல்காற்றில் காடு காய்ந்து கிடந்த நாளில், எறும்பெல்லாம் மரத்தில் ஏறுகிறது என்று காக்கா மேலிருந்து முறையிட்டார். பார்வையிட வந்த ரேஞ்சர் சிரித்தார்.

"எறும்புக்கு லீவு குடுக்க ஏலாது. புகை தெரியுதா?"

"கண்ணுக்கெட்டின தூரம் ஒண்டுமில்ல ஐயா!"

ரேஞ்சருக்குப் பரம திருப்தி. ஏணிக்குக் கம்பு நட நான் அலவாங்கை, அதாவது கடப்பாரையை, மரத்தடியில் குத்தினேன். கல்லாய்க் கிடக்க வேண்டிய மண்ணில் அது பாதிவரை இறங்கியது. வெளியே இழுத்தபோது இரும்பு கையைச் சுட்டது.

புதைத்த தணல் உக்கி மக்கிய வேரொன்றைப் பிடித்து, சுவாலையே இல்லாமல், வேருக்கு வேர் கனன்று, மரத்தின் அடியையே தின்றிருந்தது. கசிந்த கொஞ்சப் புகையும் சருகோடு காற்றில் போய்விட்டது.

"காக்கா, இறங்குங்க! மரத்துக்கடியில நெருப்பு!"

"ஐயா சொல்லாம இறங்கினா வேலை போயிரும் தம்பி!"

ரேஞ்சரைப் பார்த்தேன். மனிதர் யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் மரம் முனகியது. காக்கா பிறகு யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. "யா அல்லாஹ்!" என்று கயிற்றில் வழுக்கி இறங்கி ஓடினார். பாலை மரம் பரணோடு சாய்ந்தது.

சுற்றிக் கானாகப் பள்ளம் வெட்டி, வேர்களை அறுத்து, தண்ணீர் ஊற்றினோம். நிலம் குளிரும்வரை புறங்கையால் தொட்டுப் பார்த்தோம். ரேஞ்சரோ, புகையைக் காணாத காவலாளியை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாம மூணு பேரும்தான் காணல்ல ஐயா. கண்டது எறும்பு. அதுக்கு வேலை குடுப்பமா?"

அத்தோடு காக்காவின் வேலை தப்பியது. தண்டனையாக ரேஞ்சர் புதிய பரணை இன்னும் உயரத்தில் கட்டச் சொன்னார். அதில் ஏறுமுன் காக்கா தினமும் மரத்தடியைப் புறங்கையால் தடவிப் பார்ப்பார். வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவந்த ஆறிப்போன தேத்தண்ணியைக் குடிப்பார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எறும்பு மேலே ஏறினால், நீங்கள் கீழே குனியுங்கள். ரேஞ்சர் தொடுவானத்தைப் பார்த்துக்கொள்வார்.