ஒரு வாய்ச் சோறு

ஓமனில் டிரைவர் வேலை என்று சொன்ன உத்தமபாளையத்து ஏஜென்ட், என்னை ஏமன் பாலைவனத்தில், சண்டைக்கு நடுவே, தண்ணீர் லாரி ஓட்ட விட்டான். கம்பத்திலிருந்து குமுளி மலையேறிக் காய்கறி லாரி ஓட்டியவனுக்கு வண்டி பழக்கம்தான். துப்பாக்கிதான் பழக்கமில்லை.

ஒருநாள் மதியம் ஒரு கூட்டம் லாரியை மறித்து, தங்கள் தலைவரின் கூடாரத்துக்கு என்னை இழுத்துப்போனது. நரைத்த தாடி, இடுப்பில் வளைந்த கத்தி. அந்தப் பெரியவர் என்னைக் கம்பளத்தில் உட்கார வைத்து, தட்டு நிறையச் சோறும் ஆட்டுக்கறியும் வைக்கச் சொன்னார். பிடித்து வந்தவனுக்கு எவனாவது விருந்து வைப்பானா? எங்கள் ஊரில் வெட்டப்போகும் கிடாய்க்குத்தான் மாலை போட்டு மரியாதை செய்வார்கள். பசி குடலைப் பிடுங்கியும் நான் கை வைக்கவில்லை. தெரிந்த அரைகுறை அரபியில், வயிறு சரியில்லை என்றேன்.

"ஒரு வாயாவது சாப்பிடு" என்றார் பெரியவர். மறுபடியும் சொன்னார், கிட்டத்தட்டக் கெஞ்சினார். அவர் கெஞ்சக் கெஞ்ச எனக்குச் சந்தேகம் வலுத்தது. சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்றே முடிவுகட்டினேன்.

அதற்குள் இன்னொரு இனக்குழுவின் தலைவர் துப்பாக்கி ஆட்களோடு வந்து இறங்கினார். போரில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். ஆனாலும் மூக்கோடு மூக்கு உரசி, சிரித்தபடி நலம் விசாரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. காப்பி வந்தது. வந்தவர் அதைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"இவன் எங்கள் எதிரி முகாமுக்குத் தண்ணீர் சுமந்தவன். இவனைக் கொடுங்கள், குடிக்கிறேன்" என்றார் என்னைக் காட்டி.

பெரியவர் என் தட்டைப் பார்த்தார். வந்தவரும் தட்டைத்தான் பார்த்தார். சோறு வைத்தபடியே இருந்தது. இரண்டு பேரும் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கறித்துண்டைப் பிய்த்துச் சோற்றோடு சேர்த்து, மெல்லாமலே விழுங்கினேன்.

"இவன் என் சோற்றைத் தின்றுவிட்டான். இனி இவனைத் தொட்டால் என்னைத் தொட்ட மாதிரி" என்றார் பெரியவர். பிறகு, "லாரி சாப்பிடவில்லை. அதை எடுத்துக்கொள்" என்றார்.

வந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்தார். மறுநாள் என்னை எல்லையில் கொண்டுவிட்டார்கள். அது பெரியவர் என்மேல் வைத்த இரக்கமா, அவருடைய கௌரவப் பிரச்சினையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உயிர் மிஞ்சியது.

ஊர் திரும்பியதும் மனைவியிடம் சொல்லி வைத்தேன்: "அந்த ஏஜென்ட் பய வந்தா பச்சத்தண்ணிகூடக் குடுத்துராத." அவனை நாலு அறை அறையாமல் என் கோபம் ஆறாது.

போன மாதம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சமாதானம் பேச வந்தானாம். கையில் காலி டம்ளர்.

"பாவம், வெயில்ல அலஞ்சு வந்தாக. ஒரு வாய் காப்பி குடுத்தேன்" என்றாள் மனைவி.

பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். வாசலைத் தாண்டட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவனோ டம்ளரை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் கெடைக்குமா, தங்கச்சி?" என்றான்.

பாலைவனத்துச் சட்டம் இவனுக்கும் தெரியுமோ என்று எனக்குச் சந்தேகம்.