ஓல்ஷினிலிருந்து வந்த அண்ணி

என் அண்ணி லுட்சினா எதிரி ஊர்க்காரி. எங்கள் கர்ப்னோவில் ஒரு பெண்ணைப் பற்றி இதைவிடக் கடுமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓல்ஷின் ரயிலில் அரை மணி நேரம்தான். ஆனால் அந்த ஊருக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தய அணி உண்டு, எங்களுக்கும் உண்டு. அண்ணன் செவெரின் அவளைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பொண்ணு நல்லவளாத்தான் இருப்பா. ஞாயித்துக்கிழமை எந்தப் பக்கம் உட்காருவா?"

எங்கள் பக்கம்தான் உட்கார்ந்தாள். காய்ச்சல் என்றால் காலையில் தேவாலயத்துக்கு மட்டம் போடலாம், மதியம் மைதானத்துக்கு முடியாது. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. அவளும் எங்கள் சிவப்பு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி, முப்பது வருடத்துக்கு மேல் எங்கள் நடுவில் இருந்தாள். முழுக்க எங்களவளாகிவிட்டாள் என்றே நான் நினைத்தேன்.

அவள் ஊர் அணி உலகப் போர் முடிந்த கையோடு பிறந்தது. செங்கல் சூளைத் தொழிலாளிகள் உருளைக்கிழங்கு வயல் ஒன்றைச் சமன் செய்து, சூளைக் கரியைக் கொட்டி ஓடுபாதை போட்டார்கள். கூடை சுமந்தவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். படைகள் விட்டுப்போன உடைசல்களைக் கோத்து முதல் வண்டிகளைச் செய்தார்களாம். அந்தப் பஞ்சப் பரதேசிகள் ஒரு காலத்தில் எங்களை ஓட ஓட விரட்டினார்கள், அது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல். பிறகு சூளை மூடியது, அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. நாங்களும் கூடவே இறங்கினோம், அதனால் சண்டை மட்டும் நிற்கவில்லை.

எங்கள் அணி ஓல்ஷினுக்குப் போகும்போது அண்ணி வரமாட்டாள். சொந்த ஊரில் வெளியூர் ரசிகர்களை அடைக்கும் கம்பிக் கூண்டுக்குள் உட்கார முடியாது என்பாள். அவர்கள் இங்கே வருவது வருடத்துக்கு ஒருமுறை. அன்று அவள் கையில் விதைப் பொட்டலம் பிரிக்காமலே இருக்கும். அணிக்கு இரண்டாக, பிரேக் இல்லாத நான்கு பந்தய வண்டிகள் புழுதி கிளப்பி வளைவில் சறுக்கும்போது நாங்கள் தொண்டை கிழியக் கத்துவோம், அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

யாராவது விழுந்தால் மட்டும் மைதானமே எழுந்து வாயடைத்து நிற்கும். விழுந்தவன் எழுந்து நடந்தால், எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் எல்லோரும் கைதட்டுவோம். அது எங்கள் மரியாதை. ஓல்ஷின் பையன் எழுந்தால், எல்லோரும் ஓய்ந்த பிறகும் அண்ணியின் கை ஓயாது.

"போதும் அண்ணி, அவன் வீடு போய்ச் சேர்ந்துட்டான்" என்று நான் சீண்டுவேன். அவள் சிரித்துக்கொள்வாள். தன் ஊருக்கு அவள் வெளிப்படையாகத் தட்டக்கூடிய கைதட்டல் அது ஒன்றுதான் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

போன வருடம், ஓல்ஷின் அணியைக் கலைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கடைசிப் போட்டி எங்கள் ஊரில். அன்று மதியம் சூப் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு அண்ணனைக் கேட்டாள்.

"இன்னைக்கு ஒரு நாள் நான் அந்தப் பக்கம் உட்காரட்டுமா?"

அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம். ஆனாலும் அண்ணன் அவர் நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"உட்காரு. மஃப்ளரைக் கழட்டி வச்சிட்டுப் போ, அடிச்சிடப் போறானுங்க."

ஓல்ஷின் படுதோல்வி அடைந்தது. ஆனால் நடுவில் ஒரு சுற்றில் அவர்கள் பையன் ஒருவன் கடைசி வளைவில் எங்கள் ஆட்கள் இருவரையும் தாண்டிப் போனான். எதிரே கூண்டுக்குள், பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள் என் அண்ணி. பிள்ளைகளைக்கூட அதட்டிப் பழக்கமில்லாதவள். எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமையாக இருந்தது; எங்களுக்காக அவள் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை.

எல்லாம் முடிந்து அவர்கள் பேருந்துகள் கிளம்பிய பிறகும் அவள் மைதான வாசலிலேயே நின்றாள். நானும் அண்ணனும் கூப்பிடப் போனோம். அண்ணன் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேசினான்.

"விடு லுட்சி. அடுத்த வருஷத்துல இருந்து உனக்கு இந்தச் சங்கடமே இல்ல. நிம்மதியா நம்ம பக்கம் உட்காரலாம்."

"நான் எதுக்கு வரணும்?" கத்திக் கத்தி அவள் குரல் கட்டிப்போயிருந்தது. "அப்பா அம்மா போயாச்சு, வீட்டையும் வித்தாச்சு. என் ஊர்ல இருந்து என்னைத் தேடி வர்றதுக்கு இவங்களை விட்டா யாரு இருந்தா? இந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த ஞாயிறெல்லாம் உங்ககூட உட்கார்ந்திருந்தேன்."

அண்ணன் பேருந்துகள் போன சாலையைப் பார்த்தபடி அவள் பக்கத்தில் நின்றான். வா, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் நா எழவில்லை.