திட்டாமல் பாடினவள்

ஹோட்டலின் அடித்தளத்துச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். பிறக்கும்போதே மைக்கை முழுங்கிவிட்டாள் என்பார்கள். பெரிய பெரிய இயந்திரங்கள் ஒன்றாக உறுமும்போது மற்றப் பெண்கள் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள். அவள் மட்டும் அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி, “தலையணை உறை இன்னும் ரெண்டு வண்டி கிடக்கு, வாங்கடி” என்றால் மேல்தளத்துச் சமையலறையில் வெங்காயம் நறுக்குகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

வேலைக்கு நடுவே பாடுவாள். எல்லாம் ஆண்டவரைத் துதிக்கிற பாட்டு. பாதி அவளே கட்டியது. படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து உதறி மடிக்கிற தாளத்துக்கு அது கச்சிதமாக வரும் என்பதால், சாமி கும்பிடாதவர்களும் கூடச் சேர்ந்து முணுமுணுப்பார்கள்.

துதிக்கும்படி அவளுக்கு அப்படி என்ன வாழ்ந்தது என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டினவன் வெளிநாட்டு வேலைக்கென்று போனான்; போனவன் போனவன்தான். பிள்ளை கிடையாது. மூன்றாம் மாடியில் ஓர் அறை, கட்டடத்துக்கு நடுவே காற்றுக்காக விட்ட காற்றுப்போக்கிக் குழியைப் பார்த்த ஒரு ஜன்னல். ஒரே சொந்தம், புருஷன் பிள்ளைகளோடு தனியாக இருந்த தங்கை. அவளுக்கும் இதே சலவைக்கூடத்தில்தான் வேலை. அக்காளுக்கு நேர்மாறு, பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு சிரிப்போடு முடித்துக்கொள்வாள். இயந்திரங்களுக்கு வெளுப்பு மருந்து ஊற்றுவது தங்கையின் பொறுப்பு.

அன்று காலையிலும் அதைத்தான் செய்தாள். வெளுப்பு மருந்து என்று சீட்டு ஒட்டியிருந்த கேனைத் தூக்கி மருந்துத் தொட்டியில் கவிழ்த்தாள். உள்ளே இருந்தது குழாய் உப்பைக் கரைக்கிற அமிலம். தொட்டியின் அடியில் முந்தின நாள் மருந்து மிச்சமிருந்தது. இரண்டும் சேர்ந்ததும் மஞ்சளும் பச்சையுமாய்ப் புகை கிளம்பியது. புகையை வெளியே தள்ள வேண்டிய விசிறி எப்போதோ நின்றுபோயிருந்தது. பெண்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொரு முறையும் “ஆள் வருவான்” என்று சொன்னார். ஆள் வரவில்லை.

துணி மடிக்கிற மேசை கதவுப் பக்கம் இருந்ததால் மைக்கக்கா எல்லாரோடும் வெளியே ஓடி வந்துவிட்டாள். வந்து பார்த்தால் தங்கையைக் காணோம். ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போனாள். கண் தெரியவில்லை. துண்டை விலக்கி, மூச்சை முழுவதுமாய் இழுத்து, “சின்னவளே” என்று கத்தினாள். மாடி வரை கேட்டதாம். அந்தக் குரல் போட்ட கடைசிச் சத்தம் அதுதான். தங்கையின் கை தட்டுப்பட்டது. தரையோடு இழுத்து வந்து வெளியே போட்டுவிட்டு அவளும் விழுந்தாள்.

தங்கை பிழைக்கவில்லை. அவளை மண்ணில் வைத்தபோது அக்காள் ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு கிடந்தாள். குழாயை எடுத்த டாக்டர், தொண்டை வெந்து தழும்பேறிவிட்டது, பேச்சு வரும், ஆனால் பழைய குரல் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூப்பர்வைசர் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தார். கட்டிலோரம் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“நடந்தது நடந்துபோச்சுக்கா. விசாரணைன்னு வருவாங்க. யாரோ ஒருத்தர் தப்பா ஊத்தினதாத்தான் சொல்லியாகணும். தங்கச்சி கவனமில்லாம ஊத்திட்டான்னு சொல்லிடுங்க. செத்தவங்களை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. உங்க வேலையும் போகாது.”

அவள் தலையை ஆட்டினாள், முடியாது என்று.

“அப்படின்னா ஊத்தினது நீங்கதான்னு ஆயிடும். யோசிச்சுக்கங்க.”

அவள் உதடு அசைந்தது. சம்மதிக்கிறாள் என்று நினைத்து அவர் காதைக் கிட்டே கொண்டுபோனார். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. “ஸ்தோத்திரம்” என்றாள். அவருக்கு அல்ல, அவருடைய தலைக்கு மேலே பார்த்துச் சொன்னாள். இவளுக்கு மூளையும் வெந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டு எழுந்து போனார்.

சொன்னதைச் செய்தார். அக்காள்காரி பாட்டுப் பாடிக்கொண்டே கேனை மாற்றி ஊற்றிவிட்டாள் என்று சலவைக்கூடம் முழுவதும் பேச்சுக் கிளம்பியது. பேருந்து ஓட்டுகிற தங்கை புருஷன் காதுக்கும் போனது. அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதை நிறுத்தினான். இரண்டு பெண்பிள்ளைகளையும் பெரியம்மா வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தினான்.

வீடு திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்துக்குப் போனாள். டயர் கடைக்கு மேலே இருந்த நீளமான அறை அது. ரப்பர் வாசம் மாடி வரைக்கும் ஏறும். துதிக்கிற நேரம் வந்ததும் வழக்கம்போல முன்வரிசையில் எழுந்து நின்று வாயைத் திறந்தாள். வந்தது பாட்டா இருமலா என்று யாருக்கும் புரியவில்லை. குழந்தைகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தன. ஆர்மோனியக்காரர் எந்தக் கட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல் கையை எடுத்துவிட்டார். துணையில்லாமல் முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். நீர் நியாயக்காரர், உம்மை ஏமாற்றினவர் எவருமில்லை என்பதுதான் அதில் திரும்பத் திரும்ப வந்த அடி.

போதகர் நல்ல மனுஷன். கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் அவளை நிறுத்திப் பக்குவமாகச் சொன்னார்: “தொண்டை ஆறட்டும்மா. கொஞ்ச நாள் மனசுக்குள்ள பாடுங்க. ஆண்டவருக்குக் கேக்கும்.”

“அவருக்குக் கேக்கும் பாஸ்டர். மத்தவங்களுக்கும் கேக்கணும்ல.”

அதன்பின் அவளை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை என்பதுதான் சரி. விடிந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாடினாள். விபத்து வழக்குக்காகத் தொழிலாளர் அலுவலகத்து நடையில் வரிசையில் நிற்கும்போது பாடினாள். அவளுக்காகக் கூட வந்த தொழிற்சங்கத்து வக்கீல் நொந்துபோனார். “அக்கா, இங்கயாவது கொஞ்சம் அழுத முகமா இருங்களேன். பாக்கிறவங்க உங்களுக்கு ஒரு குறையும் இல்லைன்னு நினைச்சுக்குவாங்க” என்றார். அவளைப் பார்க்கிற எல்லாருக்கும் அவள் அழ வேண்டும், இல்லாவிட்டால் சாபம் விட வேண்டும். அழுதால் தேற்றலாம், சபித்தால் பாவம் என்று ஒதுங்கலாம். இரண்டும் இல்லாமல் துதிக்கிறவளை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் தங்கை புருஷன் வந்தான். பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டுக் காக்கி உடுப்போடு நேரே வந்திருந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“வெக்கமா இல்லையாக்கா? அவளை மண்ணுல வச்சாச்சு. உங்களுக்குப் பாட்டுக் கேக்குதா?”

“நான் அழலைன்னு யாரு தம்பி சொன்னது? அழுதுக்கிட்டேதான் பாடறேன்.”

“எதுக்கு? என்னத்தைக் குடுத்துட்டாரு அவர்?”

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது. “அவ்வளவு பெரிய ஹோட்டலே எனக்கு எதிரா நிக்குது தம்பி. நான் வாயை மூடிட்டா அவங்க வச்சதுதான் சட்டம்னு ஆயிடும். மேல ஒருத்தர் இருக்காரு, அவர் கணக்கு வேறன்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். சொல்றது என் வேலை. செய்யறது அவர் வேலை. அவர் வேலையில நான் தலையிடறதில்லை.”

“ஊத்தினது நீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். தன் பெண்டாட்டியே ஊற்றி, அதிலேயே செத்தாள் என்பதை இந்த அறையில், ஒரு சாட்சியும் இல்லாமல், கவனக்குறைவு என்ற பழியோடு அவன் சுமந்துபோக வேண்டாம் என்று நினைத்தாள்.

“விசாரணையில சொல்றேன் தம்பி. அங்க வாங்க.”

அவன் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டான். கதவை அறையவில்லை, மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு முழுவதும் பாட்டு வரவில்லை. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். பிறகு ஜன்னலருகே நின்று ஆண்டவரோடு வாய்ச்சண்டை போட்டாள். தங்கச்சியை எடுத்தீர், குரலை எடுத்தீர், இப்போ பிள்ளைகளையும் எடுத்தாச்சு, இன்னும் என்ன பாக்கி என்று கேட்டாள். கேட்டு முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, “இருந்தாலும் உமக்கு ஸ்தோத்திரம்தான், போம்” என்றாள்.

அந்தக் காற்றுப்போக்கிக் குழியின் எதிர்ப்பக்க ஜன்னல் சலவைக்கூடத்து இஸ்திரிக்காரியுடையது. அவள் புருஷன் அதே ஹோட்டலில் லிஃப்ட் இயக்குகிறவன். விபத்து நடந்த நாளிலிருந்து அவள் மைக்கக்காவை நேருக்கு நேர் பார்த்ததில்லை. படியில் எதிர்ப்பட்டால் எதையோ மறந்தவள் மாதிரித் திரும்பிவிடுவாள். இந்தச் சண்டை நடந்த மறுநாள், துணியால் மூடிய எதையோ இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

வெளுப்பு மருந்துக் கேன். காலிக் கேனைக் கழுவி வீட்டுக்கு எடுத்துப்போய்த் துணி ஊறவைப்பது சலவைக்கூடத்தில் எல்லாரும் செய்வதுதான்.

“விபத்துக்கு மொத நாள் எடுத்துட்டு வந்தது. அதே வண்டியில வந்த சரக்கு. தண்ணில ஊறி மேல் சீட்டு உரிஞ்சுது. அடியில பாரு.”

வெளுப்பு மருந்துச் சீட்டுக்கு அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. மண்டையோடு போட்டு, அமிலம் என்று. யாரோ மலிவாகக் கிடைத்த பழைய அமிலக் கேன்களை வாங்கி, மேலே சீட்டு ஒட்டி மருந்து நிரப்பியிருக்கிறார்கள். அதில் சில கேன்கள் பழைய அமிலம் காலியாகாமலே வந்திருக்கின்றன.

“எப்போ பார்த்தே?”

“அந்த வாரமே.” இஸ்திரிக்காரி கதவிலேயே சாய்ந்து நின்றாள். “அவர் வேலை போயிடும்னு வாயைத் திறக்கலை. நீ என்னைத் திட்டியிருக்கலாம்ல? எல்லாரையும் சேர்த்துத் திட்டியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். தினம் விடிஞ்சதும் நியாயக்காரர் நியாயக்காரர்னு காதுல ஊத்தினா மனுஷி எப்படிச் சோறு திங்கறது?”

மைக்கக்கா அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்து, அவள் அழுது முடிக்கும் வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். விசாரணைக்கு வருவாயா என்று கேட்கவில்லை. அவளே வருகிறேன் என்றாள்.

விசாரணை தொழிலாளர் அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. அதிகாரி ஓர் அம்மாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்பவர். ஒரு பக்கம் சூப்பர்வைசரும் நிர்வாகத்து ஆட்களும், மறு பக்கம் சலவைக்கூடத்துப் பெண்கள். கடைசி பெஞ்சில் தங்கை புருஷன்.

“கொஞ்சம் சத்தமா பேசுங்கம்மா” என்று மைக்கக்காவைப் பார்த்துச் சொன்னார் அதிகாரி; அவள் ஆரம்பித்தது அவர் காதுக்கு எட்டவில்லை.

சலவைக்கூடத்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மைக்கக்கா எழுந்து மேசைக்கே போய் நின்றாள்.

“ஊத்தினது என் தங்கச்சி.”

சூப்பர்வைசர் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார். கடைசி பெஞ்சில் ஒருவன் நிமிர்ந்தான்.

“கை அவளுது. கேன்ல ஒட்டியிருந்த பொய் இவங்களுது. நின்னுபோன விசிறி இவங்களுது. அவ எழுத்தைப் படிச்சுப் பார்த்துத்தான் ஊத்தினா, எப்பவும் அப்படித்தான் ஊத்துவா. அவளைக் கவனமில்லாதவன்னு சொல்லச் சொல்லி எனக்குப் பழம் வாங்கிட்டு வந்தாங்க. ஆண்டவர் பார்த்துக்கிட்டு இருக்கறப்ப நான் எப்படிச் சொல்ல முடியும்?”

இஸ்திரிக்காரி கேனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதிகாரி குடிக்கிற தண்ணீரைக் கைக்குட்டையில் நனைத்து, மிச்சமிருந்த மேல் சீட்டைத் தேய்த்துப் பார்த்தார். “இதையெல்லாம் யார் வேணும்னாலும் வீட்டுல வச்சு ஒட்டலாம்” என்றார் சூப்பர்வைசர்.

அப்போது உலர்த்தும் இயந்திரத்துக்காரி, “எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குங்க” என்றாள். துணி மடிக்கிறவள் ஒருத்தி எழுந்து, தன் வீட்டிலும் இருக்கிறது என்றாள். பின்னாலிருந்து இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன. அதிகாரி ஜீப்பை அனுப்பி, அத்தனையையும் எடுத்துவரச் சொன்னார். வந்த கேன்களில் பாதிக்கு மேல் இரட்டைச் சீட்டு.

தீர்ப்பு உடனே வந்துவிடவில்லை. வந்தபோது, இறந்தவள் மீதும் அவள் அக்காள் மீதும் எந்தத் தவறும் இல்லை, தவறு முழுவதும் நிர்வாகத்தினுடையது என்று தெளிவாகச் சொன்னது. சூப்பர்வைசருக்கு வேலை போனது. சலவைக்கூடத்தில் புது விசிறி சுற்றியது. இஸ்திரிக்காரியின் புருஷனுக்கும் ஏதோ காரணம் சொல்லி வேலை போனது. அலைந்து திரிந்து இன்னோரிடத்தில் சேர்ந்தான். மலிவுக் கேன் வாங்கச் சொன்ன ஹோட்டலின் பெரிய முதலாளி அபராதத்தோடு தப்பித்தார்.

தங்கை புருஷன் மன்னிப்பு என்று எதையும் சொல்லவில்லை. அவனுக்கு அது வராது. ஒரு நாள் காலையில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்து கதவில் நிறுத்தி, “வேலை முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போறேன்க்கா. சின்னவ சாப்பிட அடம்பிடிப்பா” என்றான். அதுவே போதும் என்று அவள் உள்ளே கூட்டிக்கொண்டாள். ஜன்னல் திறக்கிற சின்னச் சலவைக் கடை ஒன்றில் துணி மடிக்கும் வேலையும் அவளுக்குக் கிடைத்தது.

ஜெபக்கூடத்தில் போதகர் அவளை முன்னால் அழைத்து, நியாயம் கிடைத்ததற்குச் சாட்சி சொல்லச் சொன்னார். எழுந்தாள். “கிடைச்சது பாதி. மீதியை அவர் எப்போ, எப்படிச் செய்வார்னு எனக்குத் தெரியாது. செய்வார். அதுக்கும் சேர்த்து இப்பவே ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். போதகர் ஆமென் என்றார்.

அப்புறம் ஒரு சாயங்காலம் பிள்ளைகளோடு கடைவீதியிலிருந்து திரும்பும்போது அந்த ஹோட்டல் வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது. அவர் இறங்கிக் கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தார். மைக்கக்கா நடைபாதையில் நின்று, பையைக் கீழே வைத்து, பாட ஆரம்பித்தாள். அதே பிளந்த குரல்தான். ஆனால் சின்னவளும் பெரியவளும் சேர்ந்துகொண்டதால் எடுப்பாகவே இருந்தது. முதலாளி ஒரு கணம் நின்று, திரும்பாமல் உள்ளே போனார். வாசல்காரன் ஓடி வந்தான்.

“அக்கா, உள்ள விருந்தாளிங்க இருக்காங்க.”

“கேக்கட்டும். நல்ல சேதிதான்.”

“இங்க பாடக் கூடாதுக்கா.”

“ரோடு உங்க முதலாளியோடதா தம்பி?”

அவன் கண்ணாடிக் கதவடிக்கே திரும்பிப் போனான். அவள் விட்ட அடியிலிருந்து எடுத்து, பாட்டை முழுக்க முடித்துவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.