ஊசி போட்டவரிடம் நான் சொல்லாதது

எட்டாவதோடு நின்றவன் எழுத வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றி வளைக்கத் தெரியாது. என் மனைவி தேசம்மா சாவதற்கு நானே காரணம்.

அவளுக்கு விலாவில் ஓயாத வலி. சிறுநீரகத்தில் கல் இருக்கலாம் என்றார்கள். திருவள்ளூரில் ரயிலேறி, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தத்தில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் தெளிவாக விழவில்லை. பிறகு வரச் சொன்னார்கள்.

வீடு திரும்பி இரண்டொரு நாளில் அவள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. ஊரில் பெரியம்மை இருந்த காலம் அது. "ஆத்தா ஊட்டுக்கு வந்துக்கிறா" என்று என் தாய் வாசலில் வேப்பிலை செருகினாள். அந்த முறை தானாக அடங்கியது.

தேசம்மாவின் முகத்தில் சிறுவயது அம்மைத் தழும்புகள் உண்டு. "எனக்குத் தெரியாத அம்மையா? இது அந்த ஊசிதான்யா. டாக்டராண்ட நீதான் சொல்லணும், எனக்கு வாய் வராது" என்றாள்.

எனக்கு மட்டும் வருமா? அரிசி ஆலை இரைச்சலில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள் என்பதாலேயே அந்த வேலையை விரும்பியவன் நான்...

அடுத்த முறை, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் கேட்டார்: "போன தடவை இந்த மருந்து போட்டப்ப ஏதாவது தொந்தரவு வந்துச்சா?"

தேசம்மா என்னைப் பார்த்தாள். பின்னால் நீண்ட வரிசை. சொன்னால் சிரிப்பாரோ? படமெடுக்காமல் அனுப்பிவிடுவாரோ?

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

இதைத்தான் செய்தேன்!

ரயிலில் அவள் கோபிக்கவில்லை. "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே வாயத் தொறக்காத ஆளாச்சே நீ!" என்று சிரித்தாள்.

இம்முறை உதடுகள் வெந்தன. கண் திறக்க முடியவில்லை. தோல் கொப்புளித்து உரிந்தது. மறுபடியும் வேப்பிலை செருகி, வைத்தியம் கூடாது என்றாள் தாய். "ஊசியா இருக்குமோ..." என்று இழுத்தேன்.

"ஆத்தாவப் போய் ஊசின்றியே, கன்னத்துல போட்டுக்கோடா!"

போட்டுக்கொண்டேன்.

அம்மை கண்டவளை எரிக்கக் கூடாது என்று புதைத்தார்கள். மேளம்கூட இல்லை.

இப்போது தாயும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்க இந்த வீட்டில் ஆளில்லை. உங்களிடம் சொல்கிறேனே, நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதால்தானே? இதுவும் அதே கூச்சம்தானே!

புதைத்த மறுநாள் எக்ஸ்ரே படத்தை வாங்கப் போனேன். "அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்காங்க" என்றேன்.