சோலார் வீடு பார்க்கக் காலையில் வரச் சொன்னவர்

"வீட்டு மேல சோலாரும் இருக்குங்க" என்று தரகர் போனில் சொன்ன அந்த நிமிடத்திலேயே என் கணவர் மனதுக்குள் அந்த வீட்டை வாங்கிவிட்டார். எத்தனை அறை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாதை யாருடையது என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவரோ என் தோளுக்கு மேலாக எட்டி, "எத்தன பெனலு?" என்று போனுக்குள் கத்தினார்.

அவருடைய ஆசைக்குக் காரணம் இருந்தது. நாங்கள் இருவரும் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அணைக்கட்டுப் பக்கமிருந்து கிளம்பும் பெரிய மின்கம்பிகள் எங்கள் லயத்துக்கு மேலாகத்தான் போகும். மழை நாளில் அவை உறுமுவதுகூடக் கேட்கும். கீழே நாங்கள் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு வைத்துப் படித்தோம். பிறகு லயத்துக்கும் கரண்ட் வந்தது, நாங்களும் படித்து வெளியே வந்தோம். நான் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். அவருக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். வாடகை வீட்டிலேயே காலம் போய்க்கொண்டிருந்தது.

"நம்ம கூரையில நம்ம கரண்டு. நெனச்சுப் பாரு" என்றார், வீடு பார்க்கப் போகும் பஸ்ஸில்.

வீடு கினிகத்தேனையிலிருந்து கொஞ்ச தூரத்தில், பாதையை விட்டு மேலே ஏறும் ஒரு மேட்டில் இருந்தது. வீட்டுக்காரர் தேயிலை பெக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை ஐயா என்றும் அவர் மனைவியை அம்மா என்றும் கூப்பிட்டோம். அம்மாவுக்கு மூச்சிழுப்பு. இந்தக் குளிரும் மழையும் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கண்டியில் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்திருந்தார்கள்.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு எல்லோரும் முன்னறையைக் காட்டுவார்கள். அவர் எங்களை நேராகச் சமையலறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி. கூரையிலிருந்து வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வேட்டர் அது. கூரை அப்போது எவ்வளவு கரண்ட் தருகிறது என்று காட்டும் ஓர் எண் அதன் சின்னக் கண்ணாடியில் தெரிந்தது. மிகவும் சின்ன எண். ஐயாவின் முகம் வாடிவிட்டது. வெளியே பனி மூட்டத்தில் வாசல் கேட் கூடத் தெரியவில்லை.

"இன்னைக்குப் பாத்து இப்புடி மூடிக்கிச்சு. நீங்க இன்னொரு நாளைக்கு வாங்க. காலையிலேயே வாங்க" என்றார்.

அடுத்த வாரம் காலையிலேயே போனோம். மழை. அந்தப் பெட்டியின் எண் முதல் வாரத்தைவிடக் குறைவு. ஐயா பெட்டியை லேசாகத் தட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து அம்மா, "அதத் தட்டினா வெயிலு வருமா? அவங்கள உக்கார வைங்க" என்றார். மழை விடுவதாக இல்லை. மத்தியானச் சாப்பாடு அங்கேயே ஆகிவிட்டது. கிளம்பும்போது என் கணவர் கையில் ஒரு டப்பா நிறைய பலாக்காய்க் கறியைக் கொடுத்து அனுப்பினார் அம்மா. வீட்டைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மூன்றாவது முறை வெயில் அடித்தது. அப்படி ஒரு வெயிலை அந்தப் பக்கம் நான் பார்த்து நாளாகியிருந்தது. ஐயா கேட்டுக்கே வந்து நின்றார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. பெட்டியின் முன் மூவரும் நின்றோம். எண் ஏறிக்கொண்டே போனது. என் கணவர் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். வீட்டுக்குப் போக மிஞ்சுகிற கரண்ட் வெளிக் கம்பிக்குப் போகிறது, மாதக் கடைசியில் அதைக் கழித்துக்கொண்டுதான் பில் வரும் என்று ஐயா விளக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று பெட்டியின் வெளிச்சம் அணைந்தது. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியும் நின்றது.

"கரண்டு போயிருச்சு" என்றார் அம்மா உள்ளேயிருந்து.

என் கணவர் கூரையைப் பார்த்தார். வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. "ஏங்க ஐயா, சோலார் இருக்கே? நமக்கு ஏன் போகணும்?"

ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "லைன்ல கரண்டு இல்லாட்டி இதுவும் நின்னுக்கும். அப்புடித்தான் செஞ்சிருக்காங்க. கம்பியில வேல செய்றவங்களுக்கு அடிச்சிறக் கூடாதுல்ல. கரண்ட சேத்து வைக்கிற பெட்ரி இருந்தா வேற கத. நான் பெட்ரி போடல."

அம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். கையில் தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்ட மிக்ஸி ஜாடி. "இவருக்கே மாட்டுன பொறகுதான் தெரியும். ரோட்டுல உள்ள எல்லார் கிட்டயும், இனிமே கரண்டு போனா எங்க வீட்டுக்கு வந்து போன் சார்ஜ் போட்டுக்கங்கன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. மறுவாரமே கரண்டு போச்சு. எல்லாரும் போனத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. நான் டீ ஊத்திக் கொடுத்து அனுப்பி வச்சேன்."

ஐயாவும் சேர்ந்து சிரித்தார். சட்னியை அன்று அம்மியில் அரைத்தோம்.

கறி கொண்டுபோன டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோயிருந்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். ஐயா டவுனுக்குப் போயிருந்தார். அம்மா பின்பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்தார். அவரோடு பேசியபடி நிமிர்ந்து பார்த்தபோதுதான் கூரை கண்ணில் பட்டது. வீட்டுக்கு மேற்கே நின்ற பெரிய பலாமரத்தின் நிழல், கீழ்வரிசைப் பெனல்கள் அத்தனையையும் மூடிக் கிடந்தது. மேல்வரிசைக்கும் ஏறிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதை அம்மா பார்த்தார்.

"அவரு ஏன் உங்கள எப்பவும் காலையிலேயே வர சொல்றாருன்னு இப்பத் தெரியுதா டீச்சர்?"

அம்மா கீரையை மடியில் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"பெனல் போட வந்தவங்களே சொன்னாங்க, மரத்த வெட்டணும்னு. இவரு பலா வெட்டுற பெர்மிட் எடுக்கப் போறேன்னு கெளம்பினாரு. வெட்டினா நான் கண்டிக்குப் போயிருவேன்னேன். கொரோனா நேரத்துல கடையெல்லாம் மூடிக் கெடந்தப்ப இந்த ரோட்டுல பாதிப் பேரு இந்த மரத்துலதான் சாப்புட்டாங்க. எப்புடி வெட்டுறது? பாவம், அவரு அதுக்கப்பறம் வாயத் தொறக்கல. இப்ப வாங்குறவங்க அதப் பாத்துட்டு வேணாம்னு போயிருவாங்களோன்னு பயம்."

கேட் சத்தம் கேட்டது. ஐயா குடையோடு உள்ளே வந்தார். நான் கூரையைப் பார்த்து நிற்பதைக் கண்டதும் நடை தளர்ந்தது. அம்மாவைப் பார்த்தார். அம்மா கீரையைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன்."

அவர் குடையைச் சாத்திவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, தானும் கூரையை அண்ணாந்து பார்த்தார். "ரெண்டு மணிக்கு மேல இதுதான் நெலம, டீச்சர். ஒரு பெனல்ல நெழல் விழுந்தா அந்த வரிசையே சோர்ந்து போயிரும். இன்னும் சொல்றேன். இன்வேட்டர் ஒரு தடவ ரிப்பேர் பாத்தது. மாட்டிக் கொடுத்த கம்பெனி இப்ப இல்ல. மத்தபடி நான் அத நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நல்ல பக்கத்தைக் காட்டி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற தகப்பன் மாதிரி இருந்தது அவர் முகம். "நாங்க சாயங்காலமும் இந்த வீட்டுல இருக்கப் போறவங்கதானே ஐயா" என்றேன். அம்மா சிரித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு போனோம். கண்டியில் சோலார் மாட்டும் வேலையில் இருக்கிறவன். கூரையில் ஏறி வெகுநேரம் இருந்தான். ஐயா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைக்காகக் காத்திருப்பவர் போல நின்றார். அம்மாவும் என் கணவரும் சமையலறையில் ரசத்துக்கு மிளகு போதுமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்ததும் கொழுந்தன் என்னிடம்தான் சொன்னான். "அண்ணி, கம்பி இழுத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. பெனல் தாங்குற இரும்புல சில ஆணி துருப் புடிச்சிருக்கு, மாத்தணும். ஓரத்துல பாசி ஏறியிருக்கு, இந்த மழைக்கு அது ஏறத்தான் செய்யும். தகரத்துல ஒழுக்கு இல்ல. இன்வேட்டர் இன்னும் சில வருசம் ஓடும், அப்பறம் புதுசு போடணும். நெழலையும் பனியையும் பாத்தா, இத பாதி சோலாருன்னு நெனச்சு வாங்குங்க. முழுசுன்னு நெனச்சு வாங்காதீங்க."

என் கணவர் கரண்டியோடு வாசலில் வந்து நின்று இதைக் கேட்டார். "பாதின்னாலும் நம்ம பாதிதானே" என்றார்.

ஐயா தாமாகவே விலையில் விட்டுக்கொடுத்தார். நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே விட்டார் என்று அம்மா பிற்பாடு எங்களிடம் குறைபட்டுக்கொண்டார். மரத்தை என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டபோது, மேற்குப் பக்கத்துக் கிளைகளை மட்டும் கொஞ்சம் கழிப்போம் என்றேன். அம்மா யோசித்துவிட்டு, எந்தக் கிளையில் அதிகம் காய்க்கும் என்று காட்டித் தந்தார். அதை மட்டும் தொடக் கூடாது என்பது பேச்சு.

வீடு எழுதி முடிந்த பிறகும் ஒரு வேலை இருந்தது. கூரையிலிருந்து வெளியே போகிற கரண்டுக்கான ஒப்பந்தம் ஐயா பெயரில் இருந்தது. அதை என் பெயருக்கு மாற்ற இருவருமே கரண்ட் ஆபீசுக்குப் போகவேண்டியிருந்தது. அவர் முந்திய நாளே எல்லா பேப்பரையும் அடுக்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார். வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவர் எனக்குத் தெரியாமல் போய் கடையில் இரண்டு பனிஸ் ரொட்டி வாங்கி வந்து ஒன்றை என் கையில் வைத்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மணி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "மே மஹத்தயாகே துவத?" என்று சிங்களத்தில் கேட்டார். உங்கள் மகளா என்கிறார்.

ஐயா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓவ், துவ தமய்" என்றார். ஆமாம், மகள்தான்.

நான் பேனாவைத் தேடுகிற மாதிரி பைக்குள் குனிந்துகொண்டேன். எனக்கு அப்பா இல்லை. சின்ன வயதிலேயே போய்விட்டார். அது ஐயாவுக்குத் தெரியும்.

அவர்கள் கண்டிக்குப் போன பிறகு, ஒரு நாள் பள்ளி இடைவேளையில் எனக்கு ஐயாவிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், அங்க மழ புடிச்சிருச்சா? காயப்போட்ட துணி வெளியில இருக்கா?" எனக்குப் புரியவில்லை. பிறகுதான் சொன்னார். கூரை எவ்வளவு கரண்ட் தருகிறது என்று பார்க்கும் ஆப் இன்னும் அவர் போனில் இருந்தது. எண் சட்டென்று இறங்கினால் இங்கே வானம் மூடிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். "புதுசா உங்க பேருல போட்டுக்கிட்டு என்னய எடுத்து விட்டுருங்க" என்றார், மனமில்லாமல். கொழுந்தனிடம் சொன்னேன். அவன் எங்கள் போனிலும் அதைப் போட்டுத் தந்தான். ஐயாவை எடுக்கவேண்டாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார்.

பள்ளி விடுமுறையில் நான் கணவரோடு இரண்டு நாள் நுவரெலியாவில் தங்கப் போனேன். இடிக்குப் பயந்து, கிளம்பும்போது வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நாங்கள் தங்கிய இடத்தில் போனுக்குச் சரியாக சிக்னல் இல்லை. அவரும் நானும் திரும்பி வந்து மேட்டில் ஏறும்போதே தெரிந்தது, வாசற்படியில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐயாவும் அம்மாவும். பக்கத்தில் குடை, ஒரு சோற்றுப் பார்சல்.

"ரெண்டு நாளா ஆப்புல சைபர் காட்டுச்சு" என்றார் ஐயா எழுந்து. "போனையும் எடுக்கல. என்னமோ ஏதோன்னு…" வைஃபை இல்லாவிட்டால் ஆப்பில் எண் வராது, பிளக்கைப் பிடுங்கியது நான்தான் என்று சொன்னதும், அவர் முதலில் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்லைல்ல? அது போதும்."

"பெனலுக்குத்தான் பதறுறாருன்னு கண்டியில மகளு நெனச்சுக்கிட்டா. உங்களுக்காகத்தான்னு நான் சொல்லல" என்றார் அம்மா.

என் கணவர் பையைக் கீழே வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனார். அன்று அவர்களைப் போகவிடவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்டிப்பாகச் சொன்னார்: "எங்கயாச்சும் போறதா இருந்தா ஒரு போனப் போட்டுச் சொல்லிட்டுப் போங்க. இந்த மனுசன் ரெண்டு நாளா சோறு திங்கல."

இப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும், கேட்டைச் சாத்துவதற்கு முன் என் கணவர் கண்டிக்கு ஒரு போன் போட்டுவிடுகிறார்.