மலை இல்லாத ஊரில் ஒரு நட்சத்திரம்

திருவண்ணாமலைப் பிள்ளை தொலைந்துபோகாது என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும்போது மலை இடது கைப்பக்கம் இருக்கும், திரும்பும்போது வலது கைப்பக்கம். அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வழி அதுதான். நாங்கள் கிறிஸ்தவர்கள், மலையைக் கும்பிடுவதில்லை. ஆனால் அதைப் பார்க்காமல் எந்தத் தெருவிலும் எனக்குத் திரும்பத் தெரியாது.

எனக்கு எட்டு வயதானபோது அப்பா எங்களையும் அரபு நாட்டுக்கு அழைத்துக்கொண்டார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவருக்கு. முதல் டிசம்பரில் அம்மா புடவைகளுக்கு நடுவே மடித்துக் கொண்டுவந்த சிவப்புக் காகித நட்சத்திரத்தை எடுத்தாள். ஊரில் வருஷா வருஷம் பல்பு போட்டு வாசலில் கட்டுகிற நட்சத்திரம். அப்பாவின் முகம் மாறிவிட்டது.

“இத உள்ள வை. இங்க நம்ம பண்டிக வெளிய தெரிஞ்சா வேலயும் போவும், ஊருக்கும் ஏத்தி உட்ருவாங்க. எதிர்ல யார் இருக்கான்னு தெரியும்ல?”

எதிர்க் கட்டடத்தில், எங்கள் பால்கனிக்கு நேராக, ஒரு போலீஸ்காரர் குடியிருந்தார்.

“கும்புடறதுக்குமா பயப்படணும்?” என்றாள் அம்மா.

“கும்புடு. ஆண்டவருக்குக் காது நல்லா கேக்கும். மெதுவா கும்புடு.”

அப்படித்தான் ஆனது எங்கள் கிறிஸ்துமஸ். முந்தின நாள் சாயங்காலமே ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டார் அப்பா. அம்மா குக்கரில் கேக் வைக்கப் போனாள். பால் போதவில்லை. தெருமுனைக் கடைக்கு நான்தானே தினமும் போகிறவள், என்னை அனுப்பினாள்.

அந்தக் கடைக்கு இரண்டு வாசல். பால் டப்பாவோடு வேறு வாசலில் இறங்கிவிட்டேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் தெரு வேறு என்று தெரிந்தது. பழக்கத்தில் தலையைத் தூக்கி மலையைத் தேடினேன். வெறும் வானம்தான் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மண் நிறத்தில் ஒரே மாதிரி கட்டடங்கள். நீள அங்கி போட்ட ஒருவர் குனிந்து என்னமோ கேட்டார். புரியவில்லை. பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து ஓடினேன், இன்னும் தூரமாக. இருட்டத் தொடங்கியது. இனிமேல் அம்மாவைப் பார்க்கவே முடியாது என்று தோன்றியது. டப்பாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுவரோரம் நின்றேன். ஞாயிறு பள்ளியில் படித்த ஜெபம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. இயேசப்பா, இயேசப்பா என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் தூரத்தில், வரிசையான மாடிகளுக்கு நடுவே, சிவப்பாக ஒரு வெளிச்சம் எரிந்தது. ஐந்து முனை. எங்கள் வாசல் நட்சத்திரம்.

அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓடினேன். மாடிப்படியிலேயே அப்பா என்னை வாரித் தூக்கிக்கொண்டார். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இரண்டு தடவை தெருவெல்லாம் தேடிவிட்டு வந்து, அவரேதான் அதைப் பால்கனியில் கட்டினாராம். அம்மா பிறகு சொன்னாள். என்னை இறக்கிவிட்ட கையோடு ஓடிப்போய் பல்பை அணைத்தார், நட்சத்திரத்தைப் பிய்த்து இழுத்தார். ஒரு முனை கிழிந்துபோனது. அதற்காக நான் அழுத மாதிரி தொலைந்தபோதுகூட அழவில்லை.

“ஏம்ப்பா கிழிச்ச? இன்னும் கொஞ்ச நேரம் எரிஞ்சா என்ன?”

குடும்ப ஜெபத்தில் ஸ்தோத்திரம் என்ற ஒரு சொல்லுக்குமேல் அப்பாவுக்கு வரவில்லை. பிறகு வைத்த கேக்கும் அடிப்பிடித்துவிட்டது. நான் கோபத்தில் சாப்பிடவில்லை.

மறுநாள் அங்கே லீவு கிடையாது. காலையில் ரொட்டி வாங்க அப்பா என்னைக் கூட்டிப்போனார். எதிர்க் கட்டடத்திலிருந்து அந்தப் போலீஸ்காரர் உடுப்போடு இறங்கி வந்தார். அப்பா நின்றுவிட்டார். போலீஸ்காரர் எங்கள் பால்கனியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கிட்டே வந்து என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அப்பாவின் கைக்குள் இருந்த என் கை ஈரமாகிவிட்டது. குளிர்ல உனக்கு மட்டும் ஏம்ப்பா வேர்க்குது என்று கேட்டேன். நட, என்றார்.