அம்மாவின் ஹெல்பர் அட்டை

அப்பாவை விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியுவில் சேர்த்த மறுநாள் காலை மேனேஜர் போன் செய்தார். ஆறுதலாக ஒரு வாக்கியம் சொன்னார். அடுத்த வாக்கியத்தில் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அந்த ஆஸ்பிட்டல் நம்ம வேலைதாம்மா. ஐசியு சர்வே மட்டும் பாக்கி. நீங்கதான் அங்கயே இருக்கீங்களே?"

மனுஷனா இவன் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. "செய்றேன் சார்" என்றேன். டீ சாப்பிடுகிறாயா என்று கேட்டிருந்தாலும் அதே குரலில்தான் சரி என்றிருப்பேன்.

அப்பா கிளியனூர்ப் பக்கம் எங்கள் கொல்லையில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது விழுந்தவர். மூளையில் ரத்தக்கசிவு. திண்டிவனத்தில் பார்த்துவிட்டு விழுப்புரத்துக்கு ஓட்டிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் அம்மா வழியெல்லாம் அழுதாள். நான் டோல்கேட்டில் எந்த வரிசை சீக்கிரம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தேன். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அப்படி இருந்தேன். கிள்ளினால் கிள்ளியது தெரியும், வலிக்காது.

என் வேலை, ஒரு கட்டிடத்துக்குள் வைஃபை எங்கே எட்டும், எங்கே எட்டாது என்று அளப்பது. வைஃபை பெட்டி ஒன்றை ஆளைவிட உயரமான அலுமினியக் கம்பின் உச்சியில் மாட்டி, பின்னால் எங்கே கூரையில் பொருத்தப் போகிறோமோ அதற்கு நேர் கீழே நிறுத்துவோம். ஒருவர் கம்போடு நிற்க, இன்னொருவர் லேப்டாப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். திரையில் அந்தத் தளத்தின் வரைபடம் இருக்கும். நிற்கும் இடத்தை அதில் தொட்டுத் தொட்டுப் போனால், சிக்னல் நன்றாக இருக்கும் இடம் பச்சையாகும், எட்டாத இடம் சிவப்பாகும். அவ்வளவுதான் வித்தை. இதற்கு என்ஜினியர் என்று பெயர்.

நோயாளியின் வீட்டார் ஐசியுவுக்குள் போக சாயங்காலம் ஒருவருக்கு, அதுவும் சில நிமிடம்தான் அனுமதி. முந்தின நாள் அம்மா போனாள். செருப்பைக் கழற்றி, கவுனை மாட்டி, தலைக்கு உறை போடுவதிலேயே அந்த நேரம் கரைந்துவிட்டது. கட்டிலைக் கண்டுபிடித்துக் கிட்டே போவதற்குள் "டைம் ஆச்சும்மா" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அவளுக்கு ஒரே புலம்பல்தான்.

"மொகத்த சரியாவே பாக்கலடி. கண்ண தொறந்துக்கினு இருந்தாரா, மூடிக்கினு இருந்தாரான்னுகூட தெரியல. டாக்டரு வேற எதுவும் சொல்ல முடியாதுன்றாரு. பாக்காமயே அனுப்பிடுவேன் போலக்குதே."

வழக்கமாக எனக்குக் கம்பு பிடிப்பவர் அன்று திண்டிவனத்தில் ஒரு காலேஜ் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். கட்டில்களுக்கு நடுவே ஸ்டாண்டை விரிக்க இடமில்லை, கம்பை ஆள் பிடித்தே ஆகவேண்டும். "லோக்கல்ல யாரையாவது வெச்சுக்கோங்க" என்றார் மேனேஜர். வைத்துக்கொண்டேன். ரிசப்ஷனில் எனக்கு ஒரு அட்டையும், ஹெல்பர் என்று எழுதிய இன்னொரு அட்டையும் கொடுத்தார்கள். இரண்டாவதை அம்மாவின் கழுத்தில் மாட்டினேன்.

"இன்னாடி இது?"

"உள்ள போலாம் வா. எங்கூட வேலைக்கு வந்த ஆளு நீ. இந்தக் கம்பப் புடிச்சிக்கினு ஆடாம நிக்கணும். அவரத் தொடக்கூடாது. பேசக்கூடாது. முக்கியமா அழக்கூடாது, அழுதா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவாங்க."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எனக்குப் பொண்ணா, நான் உனக்குப் பொண்ணா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பை வாங்கினாள்.

கவுனும் தலையுறையும் முகக்கவசமும் போட்டபின் அவள் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. காலை நர்ஸ் அவளை முன்பு பார்த்ததில்லை. "ஜல்தியா முடிச்சிடுங்க மேடம், டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துடுவாரு" என்று மட்டும் சொன்னாள். இரண்டு இடங்களில் கம்பை நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது இடம் ஜன்னலோரம், அப்பாவின் கால்மாட்டில். அதையே முதலில் எடுத்துக்கொண்டேன்.

பந்தல் போடும்போது குழியில் இறக்கிய பந்தக்காலைப் பிடித்துக்கொள்வார்களே, அப்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். அப்பாவின் வாயில் குழாய். ஒரு கண் பாதி திறந்திருந்தது. போர்வை விலகிய காலில், வெடிப்புகளுக்குள் கொல்லையின் சேறு இன்னும் காய்ந்து கிடந்தது. அம்மாவின் ஒரு கை கம்பைவிட்டு அந்தக் காலை நோக்கி இறங்கியது. வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

நான் நடந்தேன். ஒரு கட்டில், ஒரு தொடுதல், அடுத்த கட்டில். அப்பாவிடம் வரும்போதெல்லாம் திரையை மட்டும் பார்த்தேன். அங்கே பச்சை. சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நடந்தேன். அளவில் ஒரு குறையும் இல்லை. அவள் இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்றுதான் அழித்தேன். எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. பயம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பயம்கூட வரவில்லை.

அந்தச் சுற்றின் பாதியில் அப்பாவின் மானிட்டர் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் ஓடி வந்தாள். பின்னால் யாரோ ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"சர்வே ஆளுங்கல்லாம் வெளிய போங்க! யம்மா, கம்ப எடுத்துக்கினு போம்மா!"

திரைச்சீலையை இழுத்துக் கட்டிலை மறைத்தார்கள். குழாய்களிலும் ஒயர்களிலும் இடித்துவிடாமல் கம்பைப் பதனமாகச் சாய்த்துக்கொண்டு, அம்மா எனக்கு முன்னால் நடந்து வெளியே போனாள்.

வராந்தாவில் நாற்காலிகள் காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை. கம்போடு நின்றாள். நான் லேப்டாப்பில் பைலை சேவ் செய்தேன். ஆமாம், சேவ்தான் செய்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்து டாக்டர் வந்தார். எங்களைத் தாண்டி நாற்காலிகளைப் பார்த்து, "ஜன்னலோர பெட்டு, அட்டெண்டர் யாருங்க?" என்றார்.

"நாந்தாங்க" என்றாள் அம்மா.

டாக்டர் அவள் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "எங்களால ஆனதெல்லாம் செஞ்சோம்" என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப அழலாமாடி?"

"அழும்மா" என்று சொல்லிக் கம்பை வாங்கிக்கொண்டேன்.